ஓர்வோ ஹக்காலாவின் விழாத குண்டு

ஓர்வோ ஹக்காலா 1956ஆம் ஆண்டு நவம்பர் முப்பதாம் தேதி மாலை ஒரு மானைப் பார்த்துச் சுட்ட குண்டு கீழே விழுவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் பிடித்தன. மெர்வின் என்ற சுரங்க ஊரில் அந்த ஆண்டு பனி முன்கூட்டியே விழுந்திருந்தது, முட்டைக்கோசு விளைச்சல் சுமார், செம்புச் சுரங்கத்தில் இரண்டாம் ஷிஃப்ட்டை நிறுத்தியிருந்தார்கள். மான் வேட்டைக்கு மிச்சிகன் அரசாங்கம் ஒதுக்கும் பதினாறு நாட்களில் அது கடைசி நாள்; அந்த நாளிலும் சட்டப்படி சுடுவதற்கு மிச்சமிருந்தது நான்கே நிமிடம். ஓர்வோவுக்கு வயது முப்பத்து நான்கு. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதினைந்து ஆண்டுகளாகத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய், பதினைந்து ஆண்டுகளாகத் துப்பாக்கியோடு மட்டும் திரும்பி வந்தவர். அன்று தேவதாருச் சதுப்பின் ஓரத்தில், எழுபது தப்படி தூரத்தில், எட்டுக் கிளைக் கொம்போடும் இடது காதில் ஒரு கிழிசலோடும், ஸ்டுடியோவில் படம் எடுக்க நிற்பதுபோல் பக்கவாட்டில் நின்றது அந்த ஆண் மான். ஓர்வோ விசையை இழுத்தார். இழுக்கும்போது இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது மான் அங்கேயே நின்று, வீடு மாறி வந்து கதவைத் தட்டியவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது. குண்டு அதன் மார்புக்கு ஒரு முழம் முன்னால் போய், ஒரு மரத்தைச் சுற்றித் திரும்பி, ஊரை நோக்கிப் போயிற்று.

அன்றிரவுச் சாப்பாடு வழக்கம்போல கிளெம் திரெவாரோவின் மதுக்கடையில். மெர்வின் மான் வேட்டையாளர் சங்கத்தில் அப்போது பன்னிரண்டு பேர், கிளெம்தான் செயலாளர். சீசன் முடிந்த மாலை எல்லோரும் கூடி, இறைச்சிக் குழம்பு சாப்பிட்டு, ஒவ்வொருவராக எழுந்து இந்த ஆண்டு எப்படிப் போனது என்று சிந்தித்துப் பேச வேண்டும். சிந்தனை ஆண்டுதோறும் ஒன்றுதான். சுட்டவர், தான் சுட்டதைப் பேச்சில் இரண்டு மடங்கு தூரத்திலிருந்து சுடுவார். சுடாதவருக்குக் காற்று எதிர்ப்பக்கம் வீசியிருக்கும், அல்லது ஓநாய் வந்திருக்கும், அல்லது பக்கத்தில் இருந்தவன் தும்மியிருப்பான். காட்டுக் குடிலில் பதினாறு நாள் சீட்டாடி, பீன்ஸ் தின்று, சவரம் செய்யாமல் கிடந்தவர்கள் மறுநாள் காலை மனைவியிடமும் ஒழுகும் கூரையிடமும் திரும்ப வேண்டும் என்ற துக்கத்தில், இயற்கையின் பேரமைதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். குறி தவறியவனுக்கு மட்டும் பேச்சு கிடையாது. அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி, சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். சுவரில் அப்போது நாற்பத்தொரு துண்டுகள் தொங்கின.

ஓர்வோவின் முறை வந்ததும் கிளெம் கத்தரிக்கோலை எடுத்தான்.

"சதுப்புப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சே ஓர்வோ. மான் எங்கப்பா?"

"நிக்குது."

"நிக்குதா? அப்ப குனி. சட்டையை வெளிய இழு."

அந்த நேரத்தில், மணி ஆறு பத்துக்கு, குண்டு சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்தது. குழம்புச் சட்டிக்கு மேலாகப் போய், பன்னிரண்டு தலைகளுக்கு நடுவே நெளிந்து, கிளெமின் மூக்கை ஒரு சுற்றுச் சுற்றி, யாரோ வெளியே போகத் திறந்த வாசல் கதவு வழியாகச் சீட்டியடித்துக்கொண்டு போய்விட்டது. குழம்பு மட்டும் கொதித்தது.

"அது என்னோடதுதான்," என்றார் ஓர்வோ. அவர் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் எதையும் சொன்னதில்லை. "பாத்தீங்கல்ல? இன்னும் எங்கயும் விழல. விழாத குண்டைக் குறி தப்பிடுச்சுன்னு எப்படிடா சொல்வீங்க?"

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேட்டைக் காவல் அதிகாரி டெல்பெர்ட் ரூவை எல்லோரும் பார்த்தார்கள். வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆன நேர்மையான இளைஞர். அவர் பையிலிருந்த சட்டப் புத்தகத்தை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். பட்ட குண்டைப் பற்றியும் படாத குண்டைப் பற்றியும் அதில் இருந்தது; போய்க்கொண்டிருக்கும் குண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "முடிவாகலைன்னுதான் எழுதணும்," என்றார் டெல்பெர்ட். கிளெம் கத்தரிக்கோலை உள்ளே வைத்தான்.

மறுநாளும் குண்டு வந்தது. மாவட்டம் முழுக்க எங்கெல்லாமோ சுற்றிவிட்டு நாள்தோறும் ஆறு பத்துக்கு மதுக்கடையைக் கடந்து, லூத்தரன் தேவாலயத்தின் மணிக்கூண்டைச் சுற்றி, ஹக்காலா வீட்டு முற்றத்தில் துணிக்கொடிக்கு அடியில் புகுந்து, சதுப்புக்குள் மறையும். யார் மீதும் எதன் மீதும் அது படவில்லை. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கிப் போகும். "சுட்டவனை மாதிரியே மரியாதை தெரிஞ்ச குண்டு, படவேண்டியதைத் தவிர எல்லாத்தையும் சுத்தி வருது," என்று கிளெம் கடையில் சொல்லிச் சிரித்தான். ஆனால் உறையும் குளிரிலும் ஆறு ஒன்பதுக்குத் தன் கடையின் இரண்டு கதவுகளையும் திறந்துவைக்க வேண்டியவன் அவன்தான். பெண்கள் அந்தச் சீட்டி கேட்டதும் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கை இறக்கினார்கள். போதகர் மாலை ஜெபத்தை ஐந்து நிமிடம் தள்ளிவைத்தார். ஒரு வருடத்துக்குள் ஊர் பழகிவிட்டது.

பழகாதவர் ஓர்வோ ஒருவர்தான். அவருக்கு அது நாள்தோறும் புதிதாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு நவம்பர் முப்பதாம் தேதி மற்ற பதினொரு பேரும் எழுந்து, "அவ்வளவுதான், இந்த வருஷமும் முடிஞ்சது" என்று பெருமூச்சு விடும்போது, ஓர்வோ மட்டும் நாற்காலியில் சாய்ந்தபடி, "உங்களுக்கு முடிஞ்சது. எனக்கு இன்னும் ஓடிட்டிருக்கு" என்பார். மானே சுடாத மனிதர் அந்த ஊரின் முக்கிய வேட்டைக்காரர் ஆனது இப்படித்தான். அவர் சொல்லச் சொல்ல எழுபது தப்படி நூற்றிருபதாகி, 1962இல் இருநூற்றைம்பதில் நின்றது. காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சுட்டதாகவும், குண்டு தாமதமாவது அந்தக் கணக்கில் உள்ளதுதான் என்றும் அவர் விளக்கினார். புதிதாக வேட்டைக்கு வந்தவர்கள் அவரிடம் வந்து, குறி பார்ப்பது எப்படி என்று கேட்டார்கள். அவரும் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் பலர் எதையும் சுடவில்லை.

இதற்கிடையில் அந்த மான் சாகவில்லை. தன் வழக்கு தீராமல் எப்படிச் சாவது என்று அதற்கே புரியாததுபோல, பத்து வயதைக் கடந்து, பதினைந்தைக் கடந்து, காதுக் கிழிசலோடு நடமாடியது. மற்றவர்கள் அதைச் சுட்டுப் பார்க்காமல் இல்லை. விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்னால் வந்தவரின் வேலை முடியட்டும், அதுவரை வரிசையில் நில் என்று அலுவலகத்தில் சொல்வதுபோல. கிளெம் ஐந்து ஆண்டுகளில் மூன்று துப்பாக்கிகளை மாற்றினான். நான்காவது முறை மான் அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அதன்பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

அறுபதுகளின் நடுவில் மான் ஹக்காலா வீட்டு நீராவிக் குளியல் அறையான சவுனாவுக்குப் பின்னால் வந்து நிற்கத் தொடங்கியது. ஓர்வோவின் மனைவி ஐலி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர்; எது பசித்து நின்றாலும் அவர் கை தானாகத் தட்டைத் தேடும். அவர் அதற்கு முட்டைக்கோசின் வெளி இலைகளையும் அடிபட்ட ஆப்பிள்களையும் போட்டார். ஓர்வோ ஆட்சேபிக்கவில்லை. அது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என் குண்டு எதன் மீது படும் என்று சொல்லி, அவரே உப்புக்கட்டி வாங்கிவந்து வைத்தார். ஒரு குளிர்காலத்தில் மான் இருமியபோது மூன்று நாள் தூங்காமல் கிடந்தார். ஐலிக்கு நிமோனியா வந்து படுத்திருந்ததும் அதே குளிர்காலம்தான். அப்போது ஓர்வோ நன்றாகவே தூங்கினார்.

ஐலியின் தங்கை லெம்பி மேற்குக் கடற்கரையில் ஆஸ்டோரியாவில் ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். ஆண்டுதோறும் கோடையில் கடிதம் வரும்: அக்கா, ஒரு தடவை வாங்க, கடலைப் பாருங்க. ஓர்வோ ஆண்டுதோறும், "குண்டு விழுந்ததும் போலாம்" என்பார். "நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து விழுந்துச்சுன்னா? கிளெம் என்ன சொல்வான் தெரியுமா?" 1967இல் சுரங்கத்தை மூடினார்கள். பாதி ஊர் டெட்ராய்ட் பக்கம் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனது. ஓர்வோ போகவில்லை; பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதே குண்டின் வேகம் குறையத் தொடங்கிவிட்டது. 1969இல் ஒரு சுற்றுக்கு மூன்று நாள் எடுத்தது, குளவி அளவுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. வேட்டைக்காரர்கள் செம்மஞ்சள் நிற உடுப்புதான் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஒரு சுற்றுக்கு ஒன்பது நாள் பிடித்தது. சிட்டுக்குருவிகள் அதை முந்திப் போயின. ஐலியின் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஆண்டுக்கொரு முறை அதை வெளியே எடுத்துத் தூசி தட்டி, பூட்டு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளுவார்.

1979 மார்ச்சில் லெம்பி இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஐலி தனியாகப் பேருந்து ஏறிப் போனார். தங்கையை மண்ணில் வைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். அழுதுகொண்டே இருந்ததில் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது ஓர்வோ பேருந்து நிறுத்தத்துக்கே வந்து சூட்கேஸை வாங்கிக்கொண்டார்.

"மூணு தடவை வந்துச்சு," என்றார்.

"என்னது?"

"குண்டுதான். கடைசித் தடவை நம்ம முற்றத்துல தரைக்கு ஒரு முழம் மேலதான் போச்சு. இனி அதிக நாள் இல்ல ஐலி."

"ஒங்க ரெண்டு பேர்ல," என்றார் ஐலி, "அந்த மான்தான் நான் போறப்ப வாசல் வரைக்கும் வந்துச்சு." அன்றிலிருந்து அவர் மானுக்கு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தார், ஓர்வோவுக்கு முழுதாக.

1983 இலையுதிர் காலத்தில் குண்டு நடைவேகத்துக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற மூன்று மாதமே இருந்த டெல்பெர்ட் ரூ கையில் கடிகாரத்தோடு இரண்டு முறை அதன் கூடவே நடந்து, அது நவம்பர் முப்பதாம் தேதி அந்தி நேரத்தில், சட்டப்படியான நேரம் முடிவதற்குச் சற்று முன்னால், ஹக்காலா வீட்டு முற்றத்தைத் தொடும் என்று கணித்தார். அன்று மத்தியானமே சங்கத்தினர் மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள். பழைய ஆட்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், அவர்கள் இடத்தில் மகன்கள். ஆனாலும் எண்ணிக்கை பன்னிரண்டுதான். ஐலி எல்லோருக்கும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார். கிளெம் எழுபது வயதில் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, கோட்டுப் பையில் கத்தரிக்கோலோடு வந்திருந்தான். மான் சவுனாவின் பக்கத்தில் வாளியிலிருந்து ஆப்பிள் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பல் பாதி இல்லை.

ஓர்வோ இருபத்தேழு ஆண்டுகளுக்கு முந்தைய அதே சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையை, அதன் மேல் சட்டத்துக்காகச் செம்மஞ்சள் மேலாடையை அணிந்து நின்றார். அவருக்குள் இரண்டு பயங்கள். ஒன்று, குண்டு மானைத் தாண்டிப் போய்விடுமோ என்பது. மற்றது, அந்த மான் இப்போது கண்ணெதிரே செத்து விழுந்தால் ஐலியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது. இரண்டாவது பயம் அவருக்கே புதிது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

நான்கு ஐம்பதுக்கு வேலிப் பக்கம் யாரோ, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள். குண்டு அவசரமில்லாமல் வந்தது. கிளெமை ஒரு சுற்று, துணிக்கொடிக் கம்பத்தை ஒரு சுற்று, ஐலியின் காப்பிப் பாத்திரத்தை ஒரு சுற்று. பிறகு நேராக மானிடம் போய், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், எந்த வேட்டைக்காரனும் குறி வைக்க ஆசைப்படும் அந்த இடத்தில், கதவை விரலால் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டி, பனியில் விழுந்தது. மான் தலையைத் திருப்பிப் பார்த்தது. குனிந்து குண்டை மோந்தது. திரும்பவும் வாளிக்குள் வாயை வைத்துக்கொண்டது.

"பட்டுச்சு!" என்று ஓர்வோ கத்தினார்.

"பட்டுச்சா? தொட்டுச்சு," என்றான் கிளெம். "மான் இன்னும் மென்னுட்டிருக்குடா."

"பட்டுச்சா இல்லையா, அதைச் சொல்லு!"

"எங்கம்மா என்னைத் தாலாட்டினது இதைவிட வேகமா இருக்கும்."

சங்கத்தினர் அங்கேயே கை தூக்கி வாக்கெடுத்தார்கள். பட்டது என்று ஏழு பேர், படவில்லை என்று ஐந்து பேர். கிளெம் கத்தரிக்கோலைப் பனியில் எறிந்தான். டெல்பெர்ட் ரூ கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, குண்டு சட்டப்படியான நேரத்துக்குள்தான் பட்டிருக்கிறது என்றார். வீழ்த்திய மானின் மேல் உரிமத்தோடு கொடுத்த தகரச் சீட்டை உடனே கட்ட வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்பதையும் நினைவூட்டினார். சுட்டது எந்த ஆண்டோ அந்த ஆண்டின் சீட்டு. ஓர்வோவின் சட்டைப் பையில் 1956ஆம் ஆண்டுச் சீட்டு இருந்தது. அவர் மானிடம் போய், அதன் இடது காதுக் கிழிசலில் கம்பியைக் கோத்துக் கட்டினார். மான் அவருக்கு வசதியாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தது. டெல்பெர்ட் பதிவேட்டைத் திறந்து, 'ஆண் மான், எட்டுக் கிளை, சுட்டு வீழ்த்தப்பட்டது, இறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், இது நிக்குதே," என்றார் ஓர்வோ மெதுவாக.

"நிக்கட்டும். எழுதியாச்சு. செத்த மானை மறுபடி சுட்டா அது தனி குத்தம், பாத்துக்கங்க."

அன்றைய சாப்பாட்டில் ஓர்வோவைக் கடைசியாகப் பேச அழைத்தார்கள். மற்றவர்கள் காற்றையும் ஓநாயையும் சொல்லி முடித்திருந்தார்கள். ஓர்வோ எழுந்தார். இருபத்தேழு ஆண்டுகளாக இந்த நாளுக்கென்று மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் முடிஞ்சது," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குழம்பைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். ஆறு பத்துக்குக் கிளெம் பழக்கதோஷத்தில் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தான்; குளிர் மட்டும் உள்ளே வந்து வெளியே போனது.

மறுநாள் காலை ஓர்வோ சமையலறைக்கு வந்தபோது, மேசை மேல் ஆஸ்டோரியாவுக்கு இரண்டு பேருந்துச் சீட்டுகளும் நாற்காலியில் சூட்கேஸும் இருந்தன.

"இப்பவா?" என்றார் ஓர்வோ. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். "மானை யாரு பாத்துக்கறது?"

"அது செத்துப்போச்சு ஓர்வோ," என்றார் ஐலி, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே. "அதிகாரியே எழுதிட்டாரு. செத்ததுக்கு யாராவது சோறு போடுவாங்களா? ஏறு வண்டில."

ஓர்வோ தொப்பியைப் போட்டுக்கொண்டு சூட்கேஸைத் தூக்கினார். மொன்டானா தாண்டும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, பேருந்து ஒரு மலைப்பாதையில் திணறி ஏறிக்கொண்டிருந்தபோது, "ஐலி, அன்னிக்கு நான் கண்ணை மூடிட்டுத்தான் சுட்டேன்," என்றார்.

"தெரியும். நம்ம கல்யாணப் போட்டோலயே நீ கண்ணை மூடிட்டுத்தான நிக்கிற," என்றார் ஐலி, ரொட்டியைப் பிட்டு அவர் கையில் வைத்தபடி.

அவர்கள் லெம்பியின் கல்லறைக்குப் பூ வைத்தார்கள், மூன்று வாரம் கடலைப் பார்த்தார்கள். ஓர்வோவுக்குக் கடல் பிடித்துப்போயிற்று. அதில் சுடுவதற்கு ஒன்றும் இல்லை என்று கிளெமுக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். அவர்கள் இல்லாத நேரத்தில் மான் ஊருக்குள் வந்து தேவாலயத்து வேலிச் செடிகளையும் கிளெமின் பேத்தி வைத்த டியூலிப் கிழங்குகளையும் தின்றது. புகார் கொடுத்தார்கள். டெல்பெர்ட்டுக்குப் பின் வந்த அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, குறிப்பிட்ட மான் 1983இலேயே இறந்துவிட்டது, இறந்த மான் வேலியைத் தின்றதாகப் புகார் வாங்க விதி இல்லை என்று பதில் அனுப்பினார். அந்தக் கடிதம் ஊராட்சி அலுவலகத்தில் இன்றும் இருக்கிறது.

சீசன் முடியும் மாலையில், சுட்ட மானை மதுக்கடைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டலாம் என்று சங்க விதியில் உண்டு. அதனால் ஓர்வோ ஊர் திரும்பிய பின், ஆண்டுதோறும் நவம்பர் முப்பதாம் தேதி அந்த மானைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் காலமான பிறகு அது தானாகவே வந்தது. ஐலி வாசல்வரை வந்து வழியனுப்புவார். காதில் தகரம் ஆட, மான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, ஊறுகாய் போட்ட வெள்ளரியைத் தின்றபடி, ஒவ்வொருவரும் எழுந்து காற்றையும் ஓநாயையும் இயற்கையின் பேரமைதியையும் பற்றிப் பேசுவதைக் கடைசிவரை கேட்கும். அந்த அறையில் தன் கதையைப் பெரிதுபடுத்தாத ஒரே ஆள் அதுதான். சாப்பாடு முடிந்ததும் யாராவது எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டும். திறப்பவர் கொம்பு படாமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது.